கார்ட்டர் குடும்பம்: லேபிளில் ஒரே ஒரு பெயர்

இந்த எபிசோடு ஒரு கிட்டார் பாடத்தில் இருந்து வந்தது.

போன வருஷம் கிட்டார் கத்துக்கலாம்னு யூடியூப் முன்னாடி உட்கார்ந்தேன். கன்ட்ரி ஸ்டைல் பழகுறவங்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு பாட்டு வந்துடும்: 'வைல்ட்வுட் ஃபிளவர்'. கட்டை விரல் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மெட்டை வாசிக்கணும், ஆள்காட்டி விரல் மெல்லிய தந்திகளைத் தடவித் தாளம் கொடுக்கணும். ரெண்டும் ஒரே கை. ரெண்டு வாரம் கை ஒத்துழைக்கவே இல்லை. சரி, யார்தான் இதைக் கண்டுபிடிச்ச மகான்னு பார்த்தேன். பாட்டின் கீழே 'ஏ.பி. கார்ட்டர்' என்று இருந்தது. உடனே 1928ஆம் வருஷத்துப் பழைய பதிவைத் தேடிக் கேட்டேன். பாடுவது ஒரு பெண். அந்தக் கிட்டாரை வாசிப்பது இன்னொரு பெண். ஏ.பி. கார்ட்டரின் குரல் அந்தப் பதிவில் இல்லவே இல்லை.

நீங்க ராத்திரி முழிச்சு எழுதின கோடு, காலையில் பார்த்தா வேற ஒருத்தர் பேர்ல கமிட் ஆகியிருந்தா எப்படி இருக்கும்? எனக்கு முதலில் அந்தக் கோபம்தான் வந்தது. ஆனா கதையைத் தோண்டத் தோண்ட, அந்த ஆளை வெறும் திருடன்னு சொல்லிட்டுப் போக முடியலை. அதான் இந்த எபிசோடு.

ஒரு சின்ன முன்குறிப்பு. கன்ட்ரி மியூசிக்னா நம்மில் பலருக்கு ஹாஸ்டல் மொட்டை மாடியில் யாராவது பாடின 'கன்ட்ரி ரோட்ஸ்'தான். அது 1971. நாம போகப்போறது அதுக்கும் 44 வருஷம் முன்னாடி. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், அப்பலேச்சியன் மலைத்தொடர், அதில் ஒரு பள்ளத்தாக்கு. அதன் பெயரே 'புவர் வேலி'. ஏழைப் பள்ளத்தாக்கு.

அங்கே 1891இல் பிறந்தவர் ஆல்வின் பிளெசன்ட் கார்ட்டர். சுருக்கமாக ஏ.பி. சின்ன வயசிலிருந்தே கையிலும் குரலிலும் ஒரு நடுக்கம். பழமரக் கன்றுகள் விற்க ஊர் ஊராக நடந்தவர். 1915இல் சாரா டோஹர்ட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். சாராவுக்கு ஆழமான, தட்டையான, சிணுங்கல் இல்லாத குரல். சாராவின் ஒன்றுவிட்ட தங்கை மேபெல். அவர் 1926இல் ஏ.பி.யின் தம்பி எஸ்ராவைக் கட்டிக்கொண்டு அதே பள்ளத்தாக்குக்கு வந்தார். ஆக, அக்கா தங்கையே ஓரகத்திகளும் ஆனார்கள். சாரா பாட, மேபெல் கிட்டார் வாசிக்க, ஏ.பி. தோன்றின இடத்தில் தாழ்ந்த குரலில் சேர்ந்துகொள்ள, குழு அவ்வளவுதான். ஏ.பி. ஒரு வரி பாடிவிட்டு நடுவில் ஜன்னல் பக்கம் நடந்து போய்விடுவாராம். மற்ற ரெண்டு பேரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

1927 ஜூலை கடைசியில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பீர் என்பவர் பிரிஸ்டல் நகருக்கு வந்தார். பிரிஸ்டல் வேடிக்கையான ஊர். அதன் ஸ்டேட் ஸ்ட்ரீட் நடுவில்தான் மாநில எல்லை. ஒரு நடைபாதை வர்ஜீனியா, எதிர் நடைபாதை டென்னசி. டென்னசிப் பக்கம் தொப்பி வியாபாரம் நடந்த ஒரு பழைய கட்டடத்தில் பீர் தற்காலிக ஸ்டூடியோ போட்டார். ஸ்டோன்மேன் என்ற பாடகர் முந்தைய வருஷம் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பேப்பரில் செய்தி வந்ததும், மலையெல்லாம் இறங்கி வந்தது.

ஏ.பி. தம்பியிடம் காரைக் கேட்டார். தம்பிக்கு விருப்பமில்லை, ஏனென்றால் மேபெல் நிறைமாதக் கர்ப்பிணி. வயது 18. கடைசியில் தம்பியின் சோளக் காட்டில் களை எடுத்துத் தருவதாக ஏ.பி. ஒப்புக்கொண்ட பிறகுதான் கார் கிடைத்தது. சாரா கையில் பால்குடி மறக்காத மகன் ஜோ. அவனைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் கிளாடிஸ். சுமார் 40 கிலோமீட்டர்தான் தூரம். டயர் பஞ்சராகிப் பஞ்சராகி, ஒட்டு போட்டுப் போட்டு, போய்ச் சேர ஒரு நாள் ஆகிவிட்டது.

ஆகஸ்ட் 1, 2 ஆகிய ரெண்டு நாளில் ஆறு பாடல்கள் பதிவாயின. இங்கே தொழில்நுட்பம் பற்றி ஒரு நிமிஷம் பேசியே ஆகணும், இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது. 1925 வரைக்கும் பதிவு என்றால் ஒரு பெரிய கொம்புக் குழலுக்குள் கத்த வேண்டும். ஒலியின் சொந்த அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகுத் தட்டில் கோடு கீறும். அதனால் உரக்கப் பாடுபவர்களுக்கும் சத்தமான வாத்தியங்களுக்கும்தான் மரியாதை. 1925இல் மைக்ரோபோனும் ஆம்ப்ளிஃபையரும் வந்தன. ஒரு பெண் வீட்டுத் திண்ணையில் பாடுகிற அளவுச் சத்தமும், ஒரு கட்டை விரல் தந்தியைத் தொடுகிற சத்தமும் முதல் தடவையாகத் தட்டில் ஏற முடிந்தது. மூணு வருஷம் முன்னாடி வந்திருந்தால் மேபெலின் கிட்டார் அந்தக் குழலில் பாதி காணாமல் போயிருக்கும்.

ரெண்டாம் நாள் பாடியவற்றில் ஒன்று 'சிங்கிள் கேர்ள், மேரீட் கேர்ள்'. கல்யாணம் ஆகாதவள் நினைத்தபடி உடுத்திப் போவதையும், கல்யாணம் ஆனவள் தொட்டில் ஆட்டிக்கொண்டு கிடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற பாட்டு. சாராவுக்கு அந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை, பாட மறுத்தார். பீர் விடவில்லை. கைக்குழந்தையோடு வந்த தாய், நிறைமாதத் தங்கையின் கிட்டாருக்கு அதைப் பாடினார். அந்த ஆறில் நன்றாக விற்றவற்றுள் அதுவும் ஒன்று. அதே வாரம் ஆகஸ்ட் 4இல் ஜிம்மி ராஜர்ஸும் அங்கேதான் பதிவு செய்தார். அதனால்தான் பிரிஸ்டலை கன்ட்ரி மியூசிக்கின் பிறந்த ஊர் என்கிறார்கள். அந்தப் பட்டம் கொஞ்சம் மிகைதான். பீரே 1923இல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சனைப் பதிவு செய்திருக்கிறார். ஆனா ஊர்களுக்குப் பட்டம் வேணும், விடுங்க.

இப்போ காசு. கதை முழுக்க இதில்தான் இருக்கு.

ஒரு பாட்டுக்கு 50 டாலர் கையில் கொடுத்தார்கள். ஆறு பாட்டுக்கு 300. மலைக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் பீரின் கணக்கு வேறு. அவர் விக்டரிடம் பெரிய சம்பளம் கேட்கவில்லை, பதிவாகும் பாடல்களின் பதிப்புரிமையைக் கேட்டார். 1909ஆம் வருஷ அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி, விற்கிற ஒவ்வொரு தட்டிலும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட் அதன் உரிமையாளருக்குப் போகும். தட்டு லட்சக்கணக்கில் விற்றால் அந்த 2 சென்ட் என்ன ஆகும்னு பெருக்கிப் பாருங்க. ஆனால் ஒரு நிபந்தனை: பாட்டுக்கு உரிமையாளர் ஒருவர் இருக்க வேண்டும். பாட்டி பாடின, யாருக்கும் சொந்தமில்லாத பாட்டால் பீருக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. அதனால் அவர் தேடியது புதுப் பாட்டு, அல்லது யாரும் இதுவரை பதிவு செய்துகொள்ளாத பழைய பாட்டு. அதைக் கொஞ்சம் மாற்றி ஒரு பெயரில் பதிய வேண்டும். கார்ட்டர் குடும்பத்தில் அந்தப் பெயர் ஏ.பி. கார்ட்டர்.

ஆக, லேபிளில் இருக்கிற பெயர் ஒரு கலைஞனின் கையெழுத்து மட்டும் இல்லை. காசு வந்து சேர வேண்டிய முகவரி. கமிட்டில் இருக்கிற பெயருக்கும் சம்பளம் போகிற அக்கவுண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

'வைல்ட்வுட் ஃபிளவர்' 1860இல் ஜோசப் வெப்ஸ்டர் இசையமைத்து அச்சில் வந்த வரவேற்பறைப் பாட்டு. கைவிடப்பட்ட ஒரு பெண் கூந்தலில் பூக்களைச் சூடிக்கொள்வதாகப் போகும். அச்சில் இருந்து மலைக்குப் போய், வாய் வாயாக 68 வருஷம் பயணம் செய்ததில் பூக்களின் பெயர்களே உருமாறிவிட்டன. சாரா பாடுவதில் ஒரு பூ எந்தத் தாவரவியல் புத்தகத்திலும் கிடையாது. எனக்கு அந்த வரிதான் ரொம்பப் பிடிக்கும். அர்த்தம் தேய்ந்து போயும் அழகு தேயவில்லை. 'கீப் ஆன் த சன்னி சைட்' 1899இல் ஏடா பிளென்கார்ன் எழுதியது. 1935இல் பதிவான 'கேன் த சர்க்கிள் பி அன்புரோக்கன்', ஏடா ஹேபர்ஷான் எழுதி 1907இல் வந்த ஒரு தேவாலயப் பாட்டில் இருந்து வளர்ந்தது. ஆனால் அதில் தாயின் சவ ஊர்வலத்தைக் கொண்டுவந்து வைத்தது கார்ட்டர் வடிவம்தான். மூலத்தைப் படிச்சுப் பார்த்தேன். பக்தி இருக்கு, ஆனா நெஞ்சை அடைக்கலை. கார்ட்டர் வடிவம் அடைக்குது. அப்ப அது யாருடைய பாட்டு? என்னிடம் சுலபமான பதில் இல்லை.

பீருக்குத் தொடர்ந்து பாட்டு வேண்டும். வீட்டில் தெரிந்த பாட்டெல்லாம் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால் ஏ.பி. பாட்டு வேட்டைக்குக் கிளம்பினார். சுரங்க ஊர்கள், தேவாலயங்கள், யார் வீட்டுத் திண்ணை என்றாலும் சரி. வார்த்தைகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்வார். ஆனால் மெட்டு மனசில் நிற்காது. அப்போது கையில் எடுத்துப் போகிற ரெக்கார்டர் ஏது? ரெக்கார்டருக்குப் பதிலாக அவருக்குக் கிடைத்தது ஒரு மனிதர்.

லெஸ்லி ரிடில். வட கரோலினாவின் பர்ன்ஸ்வில்லில் 1905இல் பிறந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் வலது கால் போனது. துப்பாக்கி வெடித்ததில் வலது கையில் ரெண்டு விரல் போனது. மிச்சம் இருந்த விரல்களை வைத்துத் தனக்கென்று ஒரு வாசிப்பு முறையை உண்டாக்கிக்கொண்டார். 1928 வாக்கில் டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் ஏ.பி. அவரைச் சந்தித்தார். அதற்குப் பிறகு பல பயணங்களில் இருவரும் சேர்ந்து போனார்கள். ஏ.பி. வார்த்தையை எழுதுவார், ரிடில் மெட்டை மனசில் ஏற்றிக்கொள்வார். வீட்டுக்கு வந்து மேபெலுக்கும் சாராவுக்கும் வாசித்துக் காட்டுவார்.

இது எந்தக் காலம் என்று யோசிங்க. பள்ளிக்கூடம், ரயில் பெட்டி எல்லாமே சட்டப்படி நிறம் பார்த்துப் பிரிந்திருந்த தெற்கு. இசைத்தட்டு நிறுவனங்களும் அப்படித்தான்: கறுப்பின மக்களுக்கு ஒரு பட்டியல், மலைநாட்டு வெள்ளையருக்கு இன்னொரு பட்டியல். கடை அலமாரியில் ரெண்டும் சேராது. ஆனால் புவர் வேலியின் ஒரு வீட்டில், ரிடில் வாசிக்க மேபெல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பார்த்துக் கத்துக்கொண்டார். 1930இல் பதிவான 'த கேனன் பால்' ரிடில் கொண்டுவந்தது. அந்தப் பதிவுகளின் லேபிள்களில் அவர் பெயர் கிடையாது. கோபம் வரணும்னா இங்கேதான் வரணும். பழைய பாட்டை ஏ.பி. தன் பெயரில் போட்டுக்கொண்டதற்குச் சட்டமும் தொழிலும் தள்ளின தள்ளல் என்று ஒரு சமாதானம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து மெட்டைச் சுமந்தவரின் பெயரை விட்டதற்கு அந்தச் சமாதானம் போதாது.

மேபெலின் கட்டை விரல் முறைக்கு இன்று 'கார்ட்டர் ஸ்கிராட்ச்' என்று பெயர். பிரிஸ்டலிலேயே அதன் அடிப்படை அவரிடம் இருந்தது, ரிடில் அதற்குப் பின்னால் வேறு வாசல்களைத் திறந்தார். அதுவரை இந்த வகைப் பாட்டில் கிட்டார் என்றால் பெரும்பாலும் பிடிலுக்குப் பின்னால் நின்று தாளம் போடுகிற வாத்தியம். அதைப் பாடுகிற வாத்தியமாக முன்னால் நிறுத்தியதில் மேபெலுக்குப் பெரும் பங்கு உண்டு. முதல் பணம் வந்ததும் 275 டாலருக்கு ஒரு கிப்சன் எல்-5 வாங்கினார். ஆறு பாட்டுக்குக் குடும்பமே வாங்கிய காசு 300 டாலர் என்பதை ஞாபகம் வெச்சுக்கங்க. அந்தக் கிட்டார் இப்போ நாஷ்வில் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கு.

ஏ.பி.யின் பாட்டு வேட்டைக்கு இன்னொரு விலையும் இருந்தது. அவர் வாரக்கணக்கில் ஊரில் இல்லாதபோது காட்டு வேலை, பிள்ளைகள், விறகு எல்லாம் சாரா தலையில். உதவிக்கு என்று ஏ.பி.யே ஏற்பாடு செய்தவர் அவருடைய உறவுக்காரர் கோய் பேய்ஸ். சாராவும் கோயும் காதலித்தார்கள். பேய்ஸ் குடும்பம் மகனைக் கூட்டிக்கொண்டு கலிஃபோர்னியா பக்கம் போய்விட்டது. சாரா ஏ.பி.யின் வீட்டைவிட்டு வெளியேறினார். 1930களின் நடுவில் விவாகரத்து.

இதில் விசித்திரம், குழு உடையவில்லை. பீரின் மனைவி அனிட்டா, பாடுவதை மட்டும் விட்டுவிடாதே என்று சாராவுக்குக் கடிதம் எழுதினார். அமெரிக்காவில் வருஷத்துக்குப் பத்து கோடிக்கு மேல் விற்ற இசைத்தட்டு, பெரும் பொருளாதார மந்தத்தில் 60 லட்சம் அளவுக்கு விழுந்திருந்த காலம் அது. பிரிந்த கணவனும் மனைவியும் பதிவு நாளுக்கு மட்டும் வந்து, ஒரே மைக்கின் முன்னால் நின்று, நல்ல குடும்பத்தின் பாட்டுகளைப் பாடிவிட்டுப் போனார்கள்.

1938இல் அவர்களுக்கு ஒரு வேலை வந்தது. டெக்சஸின் டெல் ரியோவுக்கு எதிரே, ஆற்றின் மெக்சிகோ கரையில் எக்ஸ்.ஈ.ஆர்.ஏ. என்று ஒரு வானொலி. நடத்தியவர் ஜான் பிரிங்க்லி. ஆட்டு விரையைப் பொருத்தினால் ஆண்மை திரும்பும் என்று அறுவை சிகிச்சை செய்து பணக்காரரானவர். கான்சஸில் மருத்துவ உரிமம் பறிபோனதும் எல்லை தாண்டி வானொலி வைத்துக்கொண்டார். அமெரிக்கா நிலையங்களுக்கு 50,000 வாட் உச்சவரம்பு வைத்திருந்தது. நல்ல அலைவரிசைகளை அமெரிக்காவும் கனடாவும் பங்கு போட்டுக்கொண்டு மெக்சிகோவை விட்டுவிட்டதில் அந்த நாட்டுக்குக் கோபம். பிரிங்க்லிக்கு 5,00,000 வாட் கிடைத்தது. இரவில் அந்த அலை வட அமெரிக்காவின் பெரும்பகுதிக்கும் எட்டியது. டானிக்குக்கும் தலைச் சாயத்துக்கும் விளம்பரம், நடுவில் கார்ட்டர் குடும்பம். ஆர்கன்சாவில் ஒரு பருத்திக் காட்டு வீட்டில் ஒரு பையன் ரேடியோவில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். 1939இல் இருந்து அதில் மேபெலின் மகள் ஜூனும் பாடினாள். பையனின் பெயர் ஜானி கேஷ். 1968இல் அவர் ஜூனையே கல்யாணம் செய்துகொண்டார்.

அதே வானொலியில்தான் குடும்பத்தில் இன்றும் சொல்கிற அந்தச் சம்பவம். 1939 தொடக்கத்தில் ஒரு நாள் சாரா, 'ஐம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்' பாட்டைக் கலிஃபோர்னியாவில் இருக்கும் கோய் பேய்ஸுக்காகப் பாடுவதாகச் சொன்னார். இத்தனைக்கும் ஏ.பி. அதே குழுவில் இருக்கிறார். கோய் கேட்டார், கிளம்பி வந்தார். பிப்ரவரி 20இல் டெக்சஸில் கல்யாணம். நாடு பூராவும் கேட்கிற அலைவரிசையில், ஒரே ஒரு ஆளுக்கு அனுப்பிய மெசேஜ். ஏ.பி. பிறகு மறுமணம் செய்யவே இல்லை.

1941 அக்டோபரில் கடைசிப் பதிவு. 'லைஃப்' பத்திரிகை புவர் வேலிக்கு வந்து படம் எடுத்துப் போனது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து அந்தக் கட்டுரை வெளிவராமலே போனது. 1943இல் குழு கலைந்தது. 14 வருஷத்தில் சுமார் 300 பாடல்கள்.

சாரா கலிஃபோர்னியாவுக்குப் போய்க் கிட்டத்தட்டப் பாடுவதையே விட்டார். மேபெல் மகள்களோடு மேடையேறினார். மேடை வாய்ப்பு மெலிந்த காலத்தில் இரவுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கும் போனார். ஏ.பி. ஊரிலேயே ஒரு மளிகைக் கடை வைத்து, 1960இல் இறந்தார். பத்து வருஷம் கழித்து, கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்ற முதல் குழுவானது கார்ட்டர் குடும்பம். அந்தக் கடையில்தான் மகள் ஜேனட் 1974இல் சனிக்கிழமைக் கச்சேரிகளைத் தொடங்கினார். அது வளர்ந்து 'கார்ட்டர் ஃபோல்ட்' என்ற அரங்கானது. ஜூன் இறந்த ரெண்டே மாதத்தில், 2003 ஜூலை 5 அன்று ஜானி கேஷ் கடைசியாக மேடையில் பாடியதும் அங்கேதான்.

எடுப்பது ஒரு பக்கமாக மட்டும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிடறேன். 1930இல் இவர்கள் பதிவு செய்த 'வென் த வேர்ல்ட்ஸ் ஆன் ஃபயர்' மெட்டில்தான் வுடி கத்ரி 1940இல் 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' எழுதினார். அந்த மெட்டும் கார்ட்டர்களுக்கு முன்பே தேவாலயங்களில் புழங்கியதுதான்.

ரிடில் 1942இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டருக்குப் போனார். கிட்டாரை விற்றுவிட்டார். 1960களில் மைக் சீகர் என்ற இசைக்கலைஞர் மேபெலிடம் பழைய கதைகள் கேட்டுக்கொண்டிருந்தபோது, மேபெல் ரிடில் பெயரைச் சொன்னார். லேபிளில் இல்லாத பெயர் மேபெலின் ஞாபகத்தில் இருந்தது. சீகர் 1965இல் அவரைத் தேடிப் பிடித்து மறுபடி வாசிக்க வைத்தார். அந்தப் பதிவுகள் 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்ற ஆல்பமாக வந்தது 1993இல். அதற்குள் ரிடில் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கேட்கணும்னு தோணுச்சுன்னா இப்படிக் கேளுங்க. முதலில் 1930 'கேனன் பால்'. அப்புறம் ரிடிலின் ஆல்பத்தில் எந்தப் பாட்டானாலும் ஒன்று. ஹெட்போன் போட்டுக்கங்க, கட்டை விரலை மட்டும் கவனிங்க. நான் 'வைல்ட்வுட் ஃபிளவர்' இப்ப ஓரளவு வாசிக்கிறேன். ரெண்டாவது வரியில் இன்னும் தடுக்குது.